டிரில் மெஷின் எத்தனை வருஷம் உழைக்கும்?

"வீட்டுக்கு ஒரு டிரில் மெஷின் வாங்கலாம்னு இருக்கேன். எது ரொம்ப நாள் உழைக்கும் அண்ணாச்சி?"

கொடைக்கும் பொங்கலுக்கும் பட்டணத்திலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற கேள்வி இது. நான் மெக்கானிக் இல்லை. பத்தமடையில் நெல்லும் உளுந்தும் போடுகிற சின்ன விவசாயி. ஆனால் விவசாயி வீட்டுச் சாய்ப்பில் டிரில், கட்டிங் மெஷின், மருந்தடிக்கிற மெஷின் என்று நாலு சாமான் கிடக்கத்தான் செய்யும். வருஷக்கணக்கா அதுகளோடு மல்லுக்கட்டினதில் ஒரு விஷயம் புரிந்திருக்கிறது. எது ரொம்ப நாள் உழைக்கும் என்பதற்குப் பதில் மெஷினுக்குள்ளே பாதிதான் இருக்கு. மீதிப் பாதி வெளியே இருக்கு: அதைத் திறந்து பார்க்கத் தெரிஞ்ச ஆள் எவ்வளவு தூரத்தில் இருக்கார் என்பதில்.

இதை எங்க ஆத்தங்கரைக் கதையை வச்சே சொல்லிப் பாக்கிறேன். கொஞ்சம் பின்னாடியிலிருந்து வரணும், பொறுத்துக்கிடுங்க.

கொல்லுப்பட்டறைக் கணக்கு

எங்க ஊரிலிருந்து தாமிரபரணி ஓடுற போக்கிலேயே கிழக்கே போனால், திருநெல்வேலி தாண்டி ஆதிச்சநல்லூர் வரும். 1876-ல் ஜெர்மனியிலிருந்து வந்த யாகோர் அங்கே தோண்டினார். 1899-லிருந்து சில வருஷம் அலெக்சாண்டர் ரீ என்ற வெள்ளைக்காரர் தோண்டினார். தாழிகளோடு சேர்ந்து இரும்புச் சாமான்களும் நிறையக் கிடைத்தன. சென்னையில் இருக்கிறவர்கள் எழும்பூர் மியூசியத்துக்குப் போனால் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான வருஷம் மண்ணுக்குள் கிடந்த இரும்பு.

அதைப் பார்த்துவிட்டு "அந்தக் காலத்து இரும்பு என்ன உழைப்பு உழைச்சிருக்கு" என்று சொல்வார்கள். உழைக்கவில்லை, கிடந்திருக்கு. ஒரு சாமான் கிடந்து மிஞ்சுவது வேற, வேலை செய்துகொண்டே மிஞ்சுவது வேற. வேலை செய்கிற இரும்பு தேயும். மண்வெட்டி வாய் மழுங்கும், அரிவாள் பல் போகும், கொழு நுனி கரையும்.

அப்படித் தேய்வதற்குத்தான் ஊருக்கு ஊர் கொல்லுப்பட்டறை இருந்தது. மண்வெட்டி தேய்ந்தால் ஆசாரியிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். உலையில் வைத்துக் காய்ச்சி அடித்து, வாய்ப்பக்கம் புது உருக்கு வைத்து, தண்ணீரில் தோய்த்துக் கொடுப்பார். கணை ஒடிந்தால் வேலிக் கருவையில் ஒரு கம்பை வெட்டி நாமே செதுக்கிப் போட்டுக்கொள்வோம். இப்படி வாய் நாலு தடவை, கணை ஏழெட்டுத் தடவை மாறின மண்வெட்டியை "எங்க தாத்தா மம்பட்டி" என்று சொல்கிற வீடுகள் உண்டு. சொல்வதில் தப்பும் இல்லை.

ஆசாரிக்கு ஒவ்வொரு தடவையும் கூலி கிடையாது. அறுப்பு முடிந்ததும் களத்தில் நெல் அளந்துவிடுவார்கள். வருஷம் பூராவும் எத்தனை தடவை வேண்டுமானாலும் கொண்டுபோகலாம். இப்போ கம்பெனிக்காரன் 'வருடாந்திரப் பராமரிப்பு' என்று காசு வாங்குகிறானே, அதேதான். இந்த ஏற்பாட்டில் ஒரு சூட்சுமம் இருக்கு. சாமான் அடிக்கடி கெட்டால் ஆசாரிக்குத்தான் நட்டம். அதனால் அடிக்கிறதை ஒழுங்கா அடிப்பார். சாமானின் ஆயுசும் அவர் வருமானமும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தது. அந்த முறையில் சாதி, அடிமைத்தனம் என்று கசப்பும் இருந்தது. அது திரும்பி வரணும் என்று நான் சொல்ல வரவில்லை. ரிப்பேர் செய்கிற ஆளையும் சேர்த்துத்தான் ஒரு கருவி என்று அந்தக் காலத்தில் நினைத்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன்.

தண்ணீர் கரண்டாக மாறியது

எங்க பக்கம் மெஷின் என்ற ஒன்று பெரிய அளவில் வந்தது பாபநாசத்தில். 1880-களில் ஹார்வி என்ற ஸ்காட்லாந்து சகோதரர்கள் அங்கே பஞ்சாலை வைத்தார்கள். மலையிலிருந்து விழுகிற தண்ணீரின் வேகத்தை வைத்தே மில்லை ஓட்டினார்கள். கரண்ட் எல்லாம் அப்புறம்தான். தண்ணீர் விழுகிற இடத்தில்தான் மெஷின் ஓட முடியும், அதனால் வேலைக்காரர்கள் மெஷினைத் தேடிப் போனார்கள்.

அதே பாபநாசத்தில் 1944-ல் நீர்மின் நிலையம் ஓட ஆரம்பித்தது. பைக்காரா, மேட்டூருக்கு அடுத்து சென்னை மாகாணத்து அரசாங்கம் கட்டின பெரிய நீர்மின் திட்டம் இது. இதற்குப் பிறகுதான் கதை திரும்புகிறது. மெஷினைத் தேடி ஆள் போகாமல், கம்பி வழியாக ஆளைத் தேடிச் சக்தி வர ஆரம்பித்தது. வீட்டுக்குள்ளே ஒரு பட்டறை என்பது அப்போதுதான் சாத்தியமாகிறது. ஆனால் மேற்கே கண்ணுக்கெட்டுகிற மலையில் கரண்ட் எடுத்தும், ஊர் வீடுகளுக்கு அது வந்து சேர ரொம்ப வருஷம் ஆனது. என் சின்ன வயசிலும் அரிக்கேன் விளக்கில் படிச்ச வீடுகள் தெருவில் இருந்தன.

மோட்டார் எங்கிருந்து வந்தது? கோயம்புத்தூரிலிருந்து. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து அங்கே மோட்டார் செய்தார்கள், இந்தியாவில் செய்த முதல் மோட்டார் என்று அதைச் சொல்வார்கள். 1955-ல் அதே ஊரில் சபாபதி என்பவர் மாவரைக்கிற கிரைண்டரைக் கொண்டுவந்தார். தமிழ்நாட்டில் பல வீடுகளுக்குள் நுழைந்த மோட்டார் சாமான் கிரைண்டர். பழைய பெரிய கிரைண்டரைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கல் தனி, மோட்டார் தனி, நடுவில் ஒரு பெல்ட். பெல்ட் அறுந்தால் பெல்ட் மட்டும், மோட்டார் எரிந்தால் மோட்டார் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கல்லைக் கொத்தி வைத்தால் போதும். மண்வெட்டியில் வாயும் கணையும் தனித்தனியா இருந்த அதே புத்தி.

கரண்ட் கெட்டதால் வந்த நன்மை

கன்னடியன் கால்வாய்ப் பாசனம் இருக்கிற எங்க வயலுக்கு பம்புசெட் அவசியமில்லை. ஆனால் கால்வாய் எட்டாத மேட்டுக் காட்டில் கிணறு இருந்தது, பம்புசெட் வந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும், 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவச மின்சாரம் ஆனது. மோட்டார்கள் பெருகின. கம்பியில் வோல்டேஜ் இறங்கியது.

பம்பு மோட்டாருக்கு லோ வோல்டேஜ் எமன். வோல்டேஜ் குறைந்தால் மோட்டார் தன் வேலையை விடாது. அதே பளுவை இழுக்க கரண்டைக் கூடுதலாக இழுக்கும். காயில் சூடேறும், மேலே பூசின வார்னிஷ் கருகும், ஒரு நாள் சாயந்திரம் புகை வரும். இப்படி ஊர் ஊருக்கு மோட்டார் எரிந்ததில்தான் ஊர் ஊருக்கு காயில் கட்டுகிற கடைகள் முளைத்தன. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், வீரவநல்லூர் என்று எந்த ஊர்ச் சந்தைத் தெருவில் நடந்தாலும், வாசலில் பிரித்துப் போட்ட மோட்டாரும் செம்புக் கம்பிச் சுருளுமாக ஒரு கடை கண்ணில் படும்.

அந்தக் கடைக்காரர்கள் பாலிடெக்னிக் படித்தவர்கள் இல்லை, பெரும்பாலும். ஒரு கடையில் எடுபிடியாச் சேர்ந்து, எத்தனை சுற்று, எந்த கேஜ் கம்பி, எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு என்று கண்ணாலேயே படித்தவர்கள். பழைய கொல்லாசாரியின் இடத்துக்கு வந்தது இவர்கள்தான். எங்க பக்கம் டிரில் மெஷின் புழங்க ஆரம்பித்தபோது, அது கெட்டால் கொண்டுபோக ஒரு இடம் ஏற்கெனவே தயாராக இருந்தது. கரண்ட் ஒழுங்கா இருந்திருந்தால் இத்தனை கடை வந்திருக்காது.

டிரில் பிறந்த கதை

இப்போ டிரில்லுக்கு வருவோம். கரண்டில் ஓடுகிற டிரில்லுக்கு முதலில் உரிமம் வாங்கியது ஆஸ்திரேலியாவில், மெல்போர்னில், 1889-ல். ஆர்னாட், பிரெய்ன் என்ற இரண்டு பேர். அது பாறையையும் நிலக்கரியையும் துளைக்கிற பெரிய சாமான். கையில் தூக்கிப் பிடிக்கிற டிரில்லை 1895-ல் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் ஃபைன் கம்பெனி செய்தது. துப்பாக்கி மாதிரிப் பிடியும், விரலால் அழுத்துகிற சுவிட்சும் வைத்து அமெரிக்காவில் பிளாக் அண்டு டெக்கர் 1917-ல் உரிமம் வாங்கியது. இன்னைக்கு உங்க கையில் இருக்கிற டிரில்லின் உருவம் அதுதான். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் பெரிசா மாறவில்லை.

இதெல்லாம் தொழிற்சாலைக்காகச் செய்தது. வீட்டுக்கு எப்படி வந்தது? இரண்டாம் உலகப் போர் சமயம் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேலை பார்த்தவர்கள் டிரில்லை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார்களாம். இதைப் பார்த்த கம்பெனி, வீட்டுக்காரனுக்கும் இது வேணும் போலிருக்கே என்று 1946-ல் வீட்டு உபயோகத்துக்கென்றே விலை குறைந்த டிரில்களை இறக்கியது.

இந்த 1946 முக்கியமான வருஷம். அதுவரை டிரில் ஒரே சாதி. அன்றிலிருந்து இரண்டு சாதி: நாள் பூராவும் ஓடத் தொழிலாளிக்குச் செய்தது ஒன்று, எப்போதாவது ஓட வீட்டுக்குச் செய்தது இன்னொன்று. கடையில் பக்கத்துப் பக்கத்தில் ஒரே நிறத்தில் இருக்கும். 1,500 ரூபாய்க்கும் இருக்கும், 4,500 ரூபாய்க்கும் இருக்கும். வித்தியாசம் உள்ளே இருக்கு.

இன்னொரு கதையும் சொல்லணும். ஜப்பானில் நகோயாவில் 1915-ல் மகிட்டா என்பவர் ஒரு கடை வைத்தார். விளக்கு, மோட்டார், டிரான்ஸ்பார்மர் விற்கவும் ரிப்பேர் செய்யவும். நம்ம ஊர் காயில் கடை மாதிரி. அந்தக் கடை 1958-ல் ஜப்பானிலேயே முதலாகக் கரண்ட் இழைப்புளி செய்தது. இன்னைக்கு உலகம் பூரா ஆசாரிகள் கையில் இருக்கிற பேர் அது. ரிப்பேர் தெரிந்தவன் செய்கிற சாமானுக்கும் விற்க மட்டும் தெரிந்தவன் செய்கிற சாமானுக்கும் வித்தியாசம் இருக்கத்தானே செய்யும்.

உள்ளே என்ன இருக்கு, எது முதலில் போகும்

எங்க பக்கத்து மரப்பட்டறைகளில் நான் பார்த்த பழைய டிரில்கள் ராலிவுல்ஃப், கே.பி.டி. மாதிரி இந்தியாவில் செய்த அலுமினிய உடம்புச் சாமான்கள். கனம் கையை இழுக்கும். முப்பது வருஷம் ஓடினதைப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு பிளாஸ்டிக் உடம்பு, அதற்கும் பிறகு பேர் தெரியாத சீனச் சாமான்.

எதைத் திறந்தாலும் உள்ளே ஒரே குடும்பம்தான். நடுவில் சுற்றுகிற ஆர்மேச்சர். சுற்றி அசையாமல் நிற்கிற ஃபீல்டு காயில். ஆர்மேச்சருக்குக் கரண்டைத் தொட்டுக் கொடுக்கிற இரண்டு கார்பன் கட்டி. தாங்கிப் பிடிக்க பேரிங். மோட்டார் நிமிஷத்துக்குப் பல்லாயிரம் சுற்று சுற்றும், அதைக் குறைத்து பலமாக்கித் தருகிற பற்சக்கரம். முன்னால் சக், பின்னால் சுவிட்சும் வயரும்.

முதலில் தேய்வது கார்பன். தேயணும் என்றே செய்தது அது. நூறு ரூபாய்க்குள் முடிகிற சாமான். தேய்ந்ததைக் கவனிக்காமல் ஓட்டினால் தீப்பொறி பறக்கும், கம்யூட்டேட்டர் கருகும், ஆர்மேச்சரே போகும். நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டியது ஆயிரத்துக்கு மேலே போய் நிற்கும். நல்ல மெஷினில் கார்பனுக்கு வெளியிலேயே ஒரு திருகு மூடி இருக்கும், உடம்பைப் பிரிக்காமலே மாற்றலாம். வாங்கும்போது அந்த மூடி இருக்கா என்று பாருங்கள். விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது பேரிங். இதில் ஒரு அருமையான சமாச்சாரம் இருக்கு. பேரிங்கில் நம்பர் போட்டிருக்கும். 6201 என்றால் உலகத்தில் யார் செய்தாலும் உள்விட்டம் 12 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 32 மில்லிமீட்டர். 608 என்றால் 8-ம் 22-ம். ஜெர்மன்காரன் டிரில்லுக்கு அம்பாசமுத்திரத்துக் கடையில் பேரிங் கிடைக்கும். மெஷின் செய்த கம்பெனி மூடிப் போனாலும் கிடைக்கும். மட்டமான சாமானில் சில இடத்தில் பேரிங்குக்குப் பதில் வெறும் புஷ் போட்டிருப்பார்கள். அது தேய்ந்தால் ஆர்மேச்சர் ஆட ஆரம்பித்து ஃபீல்டில் உரசும். கதை முடிந்தது.

ஆர்மேச்சர் எரிவதற்குப் பெரும்பாலும் நம்ம கைதான் காரணம். மோட்டாரைக் குளிர வைக்கிற ஃபேன் ஆர்மேச்சர் தண்டிலேயே இருக்கு. ரொம்ப அழுத்தினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் காற்றும் குறையும், அதே நேரம் கரண்ட் கூடும். சூட்டுக்கு மேல் சூடு. கான்கிரீட்டில் குழி போடும்போது நடுநடுவே வெளியே எடுத்து, பளு இல்லாமல் கொஞ்ச நேரம் ஓட விடணும். மாட்டுக்குக் கொடுக்கிற ஓய்வுதான்.

பழைய டிரில் ஆர்மேச்சர் எரிந்தால் காயில் கடைக்காரர் திரும்பக் கட்டிக் கொடுப்பார். இப்போ வருகிற சின்ன ஆர்மேச்சர்களில் மெல்லிசுக் கம்பி, சிலதில் செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பி. "இதைக் கட்டுற நேரத்துக்கு ரெண்டு பம்பு மோட்டாரைக் கட்டிருவேன் அண்ணாச்சி. புதுசு வாங்கிப் போட்டுருங்க" என்று சொல்லிவிடுவார். பேர் தெரிந்த கம்பெனி மாடலுக்கு டவுனில் புது ஆர்மேச்சர் கிடைக்கும். பேர் தெரியாத சாமானுக்குக் கிடைக்காது, கிடைத்தாலும் புது மெஷின் விலையை நெருங்கிவிடும். அங்கேதான் 1,500 ரூபாய் டிரில் விலை கூடினதாக ஆகிறது.

பெரிய பேர் இருந்தாலும் எல்லாம் சரியாகிவிடும் என்று இல்லை. ஒரு கம்பெனி கட்டிங் மெஷினுக்கு, பேர் வேண்டாம், சுவிட்ச் கேட்டுப் போனேன். "அந்த மாடல் நின்னு போச்சு சார்" என்றார்கள். மெஷினுக்கு நாலு வயசு. ஒரு சுவிட்சுக்காக முழு மெஷினும் இரும்புக் கடைக்குப் போகவேண்டிய நிலைமை. காயில் கடையில் வேறொரு சுவிட்சை அரம் வைத்துத் தேய்த்துப் பொருத்திக் கொடுத்தார்கள். இன்னும் ஓடுது.

பழசுதான் நல்லது என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அலுமினிய உடம்பு டிரில்லில் உள்ளே வயர் நைந்தால் உடம்பு பூராவும் கரண்ட். எர்த் சரியில்லாத வீட்டில், ஈரத்தரையில் நின்றால் உயிருக்கே ஆபத்து. இப்போ வருகிற பிளாஸ்டிக் உடம்பு மெஷினில் கம்பெனிப் பட்டையைப் பாருங்கள், சதுரத்துக்குள் சதுரமாக ஒரு குறி இருக்கும். இரட்டைப் பாதுகாப்பு உறை என்று அர்த்தம், அதனால்தான் இரண்டு பின் பிளக்கோடு வருகிறது. மெஷின் முப்பது வருஷம் உழைத்து ஆள் போய்ச் சேர்ந்தால் என்ன லாபம்?

பேட்டரி வந்த பிறகு

வயர் இல்லாத டிரில் 1961-லேயே வந்துவிட்டது. 1971-ல் அப்போலோ 15-ல் போனவர்கள் நிலா மண்ணைத் துளைத்ததும் பேட்டரி டிரில்லை வைத்துத்தான். ஆனால் வீட்டு உபயோகத்துக்கு அது உருப்படியானது லித்தியம் பேட்டரி வந்த பிறகு, 2005-லிருந்து. இப்போ கார்பனே இல்லாத மோட்டாரும் வந்துவிட்டது. தேய்கிற கட்டி இல்லை, தீப்பொறி இல்லை, சூடு குறைவு. தினமும் ஏணி ஏறி வேலை பார்க்கிற எலக்ட்ரீஷியனுக்கு அது வரப்பிரசாதம்.

ஆனால் கார்பன் செய்த வேலையை அதில் ஒரு எலக்ட்ரானிக் தட்டு செய்யுது. அது போனால் எங்க காயில் கடைக்காரர் கையை விரித்துவிடுவார். பேட்டரியோ, வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் வயசாகும். வெயில் காலத்தில் ஓட்டு வீட்டுப் பரணில் கிடந்தால் சீக்கிரமே வயசாகும். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொரு கம்பெனி மெஷினில் பொதுவா உட்காராது. பேரிங்கில் 6201 என்று உலகமே ஒத்துக்கொண்ட நம்பர் மாதிரி பேட்டரிக்கு ஒன்றும் இல்லை.

பட்டணத்து வீட்டில் ஒரு வருஷத்தில் எத்தனை ஓட்டை போடுவீர்கள்? திரைச்சீலைக்கு நாலு, படம் மாட்ட ரெண்டு, அலமாரிக்கு கொஞ்சம். தாராளமா இருபது என்று வையுங்கள். ஒரு ஓட்டைக்கு அரை நிமிஷம். வருஷத்துக்குப் பத்து நிமிஷம், பத்து வருஷத்துக்கு நூறு நிமிஷம். ஒரு ஆசாரி ஒரே காலைப்பொழுதில் ஓட்டிவிடுகிற நேரம். ஆக, உங்க டிரில் உழைத்துத் தேயாது, கிடந்துதான் கெடும். கிரீஸ் இறுகும், ஸ்பிரிங் துருப்பிடிக்கும், பேட்டரி செத்துப்போகும். கிடந்து கெடுகிற சாமானில் முதலில் கெடுவது பேட்டரி. அதனால் எப்போதாவது எடுக்கிற வீட்டுக்கு வயர் உள்ளதுதான் லாபம். தினம் எடுக்கிறவருக்கு பேட்டரி லாபம். கேள்வியே ஆளுக்கு ஆள் மாறுது.

மோட்டார் நுழையாத பட்டறை

எங்க ஊரில் பழைய வீட்டுப் பட்டறை ஒன்று இருக்கு. பாய் நெய்கிற வீடுகள். பத்தமடை என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது அந்தக் கோரைப்பாய்தானே. லெப்பைமார் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையா நெய்கிறார்கள். 1953-ல் எலிசபெத் ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போனது என்று ஊரில் பெருமையாச் சொல்வார்கள்.

அந்தப் பட்டறையில் என்ன கருவி இருக்கு? தரையோடு கிடக்கிற ஒரு தறி. மூங்கில், மரம், கயிறு, ஒரு அச்சு. கோரையைக் கீற ஒரு கத்தி. பட்டுப்பாய்க்குக் கோரையை ஓடுகிற தண்ணீரில் நாள் கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, கீறி, மறுபடி கீறி, நூல் மாதிரி ஆக்கணும். எவ்வளவு ஈரம் இருந்தால் ஒடியாமல் வளையும் என்று விரலுக்குத்தான் தெரியும். நல்ல பட்டுப்பாயைத் துணி மாதிரி மடிக்கலாம்.

காவிரிக்கரையில் கரூர், முசிறிப் பக்கம் கோரைப்பாய் நெய்கிற கரண்ட் தறி ஓடுது. அந்தப் பாய் கெட்டி, விலை குறைவு, வேகமா வரும். அதற்கென்று ஆள் இருக்கு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பட்டுப்பாயின் விலை நெசவில் மட்டும் இல்லை. கோரையைக் கீறுகிற விரலில் இருக்கு. கரண்ட் தறிக்கு அந்த விரல் கிடையாது.

உழைப்பைப் பார்த்தால் அந்தத் தறிதான் ஜெயிக்கும். கயிறு அறுந்தால் அவர்களே முடிவார்கள், கம்பு ஒடிந்தால் வேறு கம்பு. சர்வீஸ் சென்டர் நெய்கிற பெண்ணின் கைதான். ஆனால் தறிக்குப் பக்கத்தில் உட்கார அடுத்த தலைமுறை வேணும். மாதக்கணக்கில் நெய்கிற பாய்க்கு நாள்கூலி கணக்குப் போட்டால் எத்தனை பிள்ளைகள் உட்காரும்? தறி கெடாமல் கிடக்கும், நெய்ய ஆள் இருக்காது. ஆதிச்சநல்லூர் இரும்பு மாதிரி.

அப்போ எதைத்தான் வாங்குறது?

சுருக்கமாச் சொல்கிறேன். உங்க ஊரில் ரிப்பேர் கடையில் போய் முதலில் கேளுங்கள்: "எந்த மெஷினுக்கு உங்ககிட்ட சாமான் கிடைக்கும்?" அவர் சொல்கிற பேரை வாங்குங்கள். விளம்பரத்தில் வருகிற வாட்ஸ் கணக்கு, ஓட்டைக் கணக்கு எல்லாம் அதற்குப் பிறகு. பேரிங் இருக்கா, கார்பனுக்கு வெளியே மூடி இருக்கா, சதுரத்துக்குள் சதுரம் இருக்கா என்று பாருங்கள். எப்போதாவதுதான் எடுப்பீர்கள் என்றால் வயர் உள்ளது. மூணு மாசத்துக்கு ஒருமுறை எடுத்து இரண்டு நிமிஷம் சும்மா ஓட விடுங்கள். வருஷத்துக்கு நாலு ஓட்டைதான் என்றால் வாங்கவே வேண்டாம். வாடகைக்கு எடுங்கள், அல்லது தெருவுக்கு ஒன்று வாங்கி மாத்தி மாத்தி வைத்துக்கொள்ளுங்கள். எங்க தெருவில் என் டிரில்லுக்கு நான் மட்டுமா சொந்தக்காரன்?

இன்னொன்று. காயில் கடைகள் குறைந்துகொண்டு வருது. நான் போகிற கடைக்காரருக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. பையன் சென்னையில் செல்போன் கடையில் இருக்கான். "எனக்கப்புறம் ஷட்டரை இறக்கிர வேண்டியதுதான்" என்று சாதாரணமாத்தான் சொன்னார். புது மெஷின் மலிவாக ஆக ஆக, ரிப்பேருக்கு வருகிறவர்கள் குறைகிறார்கள். அவர்கள் குறையக் குறைய கடை மூடுது. கடை மூடினால் நல்ல மெஷினுக்கும் மட்டமான மெஷினுக்கும் ஆயுசு ஒன்றாகிவிடும். முதல் ரிப்பேர் வரைக்கும்தான் இரண்டும்.

மெஷின் வாங்கினால் வாரண்டி அட்டையைப் பத்திரமா வைக்கிறோம். அதோடு ரிப்பேர் கடைக்காரர் நம்பரையும் எழுதி வையுங்கள். முழுசாக் கெடுகிறவரைக்கும் காத்திருக்காமல், கார்பன் மாத்தவாவது வருஷத்துக்கு ஒருமுறை போங்கள். களத்தில் நெல் அளந்த காலம் போய்விட்டது, நூறு இருநூறு ரூபாய் கொடுத்துவிட்டு வரலாம். அவர் ஷட்டர் திறந்திருக்கிற வரைக்கும்தான் உங்க டிரில்லுக்கும் ஆயுசு.